பெயர் வெட்டாத கற்கள்

தூதன் ஆதன் நாய் படாத பாடு பட்டு, இரண்டு கரை அரசர்களுக்கும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கு வைத்து ஓலை எழுதியிருந்தான். யாரும் குறை சொல்லவில்லை. யாரும் முத்திரை வைக்கவும் இல்லை. விடிந்தால் படை கிளம்புகிறது. அதில் அவனுடைய ஒரே மகன் கொற்றனும் போகிறான்.

நேரே நீலியம்மையிடம் போனான். அவள் இவனைவிட இளையவள். ஆனாலும் இவனுக்கு அவள்தான் குரு.

"தண்ணி கிடைக்குதும்மா. ஒரு உசிரு போகாம கிடைக்குது. அப்புறமும் ஏன் சண்டைதான் வேணும்ங்கிறாங்க?"

"வாங்க, கல்பட்டறை வரைக்கும் போயிட்டு வரலாம்."

நல்ல உச்சிவெயில். வழியில் ஒரு காக்கை குருவி இல்லை. உளிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் அதே சத்தம் வந்தது.

போரில் செத்தவனுக்கு ஊர் நடுகிற கல் இருக்கிறதே, அந்த வீரக்கல், வரிசை வரிசையாக நின்றது. ஒவ்வொன்றிலும் ஒருவன் வாளோடு நின்றான். எல்லாவற்றுக்கும் மாலை போட்டுப் பொட்டும் வைத்தாயிற்று. பெயர் மட்டும் இன்னும் வெட்டவில்லை.

"போன சண்டையில செத்தவங்களா?"

"எல்லாரும் வீட்டுல சோறு தின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க."



ஒரு தாய் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கல்தச்சனிடம் மல்லுக்கு நின்றாள். "அவ மகனுக்குக் குதிரை வச்சிருக்கே. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?"

அவளைத் தாண்டிப் போன ஆதன் ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டான். புருவத்தில் அந்தத் தழும்பு. சின்ன வயதில் கொற்றன் கிணற்றுப் படியில் விழுந்தபோது பட்டது. இவன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கல்லுக்குப் பின்னாலிருந்து கொற்றனே வந்தான். தலையெல்லாம் கல்தூள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா, மீசை சரியா வந்திருக்கா?"

ஆதன் கீழே கிடந்த சம்மட்டியை எடுத்து அந்தக் கல்லின் மேல் ஓங்கினான்.

உளிச் சத்தம் நின்றது. அக்கரையில் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தாய் திரும்பிப் பார்த்தாள். கல்தச்சன் பார்த்தான். கொற்றனும் பார்த்தான், அவன் கை வாளுக்குப் போனது.

ஆதன் சம்மட்டியைக் கீழே வைத்தான்.

"என் ஓலையில என்னம்மா குறை?" நீலியம்மையிடம் திரும்பினான்.

"தண்ணியைச் சரியாத்தான் பங்கு வச்சீங்க," என்றாள் நீலியம்மை. "இந்தக் கல்லையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுறதுன்னுதான் எழுதாம விட்டுட்டீங்க."