கஞ்சி போட்ட மறைப்புச் சட்டை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் எல்லை முழுவதும் செம்மணல் மேடுகளாக இருந்தது. அந்த மேடுகளை அங்குள்ளவர்கள் தேரி என்பார்கள். தேரியின் இந்தப் பக்கம் அந்த நாட்டின் படைமுகாம். அந்தப் பக்கம் எதிரியின் முகாம். நடுவில் இருந்த பெரிய தேரியின் உச்சியில் ஒரு காவல் குழி. அங்கே போய் உட்கார்ந்த சிப்பாய்களில் சிலர் திரும்பி வரவில்லை. பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிவப்பு மணலில் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்?

அதனால் புதிதாக ஒரு மறைப்புச் சட்டை செய்தார்கள். செம்மண்ணின் நிறம், காய்ந்த முள்ளின் நிறம், முள் நிறைந்த உடைமரத்து நிழலின் நிறம் ஆகியவற்றைத் துணியில் திட்டுத்திட்டாகப் பூசினார்கள். ஒரு திட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. முதல் சோதனையில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் மணலில் குப்புறப் படுத்தான். மேய வந்த வெள்ளாடு ஒன்று அவன் முதுகில் ஏறி நின்று, எட்டாத உடைமரக் கிளையை எட்டிக் கடித்துவிட்டு இறங்கிப் போனது.

சட்டைக்கு அதில் ஒரே பெருமை. "ஆடு ஏறிய சட்டை நான்" என்று கிடங்கில் இருந்த போர்வைகளிடமும் காலுறைகளிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே சாயத்தை முகாமில் இருந்த சிறு விமானத்தின் முதுகிலும் பூசினார்கள். மேலிருந்து பார்த்தால் தேரி போல இருந்தது. வயிற்றுக்கு வெளிறிய வானத்தின் நிறம். கீழிருந்து பார்த்தால் எதுவும் இல்லை. சட்டை விமானத்தை அண்ணே என்றது. விமானம் சட்டையைத் தம்பி என்றது.

சட்டை சேர்மத்துரை என்ற சிப்பாய்க்குக் கிடைத்தது. அடுத்த வாரம் காவல் குழிக்குப் போக வேண்டியவன் அவன். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு முகாமின் சலவைக்காரர் கோயில்பிச்சையிடம் ஓடினான்.

"அண்ணாச்சி, எப்படி இருக்கு?"

"யார்ல பேசுறது? ஆளையே காணோம்!" என்றார் கோயில்பிச்சை.

சேர்மத்துரை விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் சட்டைக்கு மட்டும் வேறொன்று தெரிந்தது. அதன் இடப்பக்கப் பைக்கு அடியில் அவன் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. போனமுறை குழிக்குப் போய்த் திரும்பாதவன் அவனுடைய பக்கத்துக் கட்டில்காரன்.

"பயப்படாதே. உன்னை யார் கண்ணிலும் படவிட மாட்டேன்" என்றது சட்டை. அவன் காதில் அது விழவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

சட்டையைப் பார்வையிடத் தலைநகரிலிருந்து தளபதி வந்தார். தேரிக்கு எதிரே பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். புதுச் சட்டை போட்ட சிப்பாய்கள் விடியும் முன்பே போய் மணலில் படுத்துவிட்டார்கள். தளபதி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எங்கேய்யா ஆட்கள்?"

"முன்னாடிதான் சார் இருக்காங்க" என்றார் முகாம் பொறுப்பாளர் மேஜர் ராஜநாயகம்.

"முன்னாடி வெறும் மணல்தானே இருக்கு?"

"அதுதான் சார்!" மேஜருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"எதுதான்? சரி, விமானம் எங்க?"

"நம்ம தலைக்கு மேலதான் சார் சுத்துது."

"சத்தம் கேக்குது. சத்தத்த நான் எங்க ஊர் மாவு மில்லுலயே கேட்டுக்குவேனே. இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன்?"

மேஜரின் முகம் சுருங்கியது. ஊதலை எடுத்து ஊதினார். மணல் எழுந்தது. தளபதியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த சேர்மத்துரை எழுந்து சல்யூட் அடித்தான். தளபதி துள்ளி விழுந்தார். தேநீர் அவர் மடியில் கொட்டியது.

ஆடு ஏறியபோது இருந்ததைவிட இப்போது சட்டைக்குப் பெருமை அதிகம். ஒரு தளபதியையே ஏமாற்றியாகிவிட்டதே!

தளபதி மடியைத் துடைத்துக்கொண்டே சேர்மத்துரையை மேலும் கீழும் பார்த்தார். "இது சட்டையா, கசக்கிப் போட்ட சாக்கா? ஒரு மடிப்பு இல்ல, ஒரு மினுப்பு இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல அமைச்சர் வருவார். வெறும் மணலக் காட்டி, இதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணோம்னு நான் சொல்லவா? நல்லா மறைஞ்சிருக்கான்னா, மறைஞ்சிருக்கான்னு பாக்குறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியணும் சார்" என்றார் மேஜர். ஒருகணம் யோசித்துவிட்டு, "நல்லாத் தெரியணும் சார்" என்றார்.

அன்று பிற்பகலே உத்தரவுகள் வந்தன. சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய வேண்டும். தோளில் சிவப்புக் கயிறு. நெஞ்சில் பித்தளை வில்லை. விமானத்தின் வயிற்றில் அகலமாக ஒரு சிவப்புப் பட்டை. எந்தச் சட்டை எல்லாவற்றிலும் எடுப்பாக இருக்கிறதோ அதைத் தலைமையகத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்.

கோயில்பிச்சை சட்டையைக் கஞ்சித் தொட்டியில் முக்கினார்.

"வேண்டாம்" என்றது சட்டை. "நீ காய்ந்தால் நான் வெயிலில் பளபளப்பேன்."

"எல்லாரும் என்மேல்தான் பழி போடுகிறார்கள்" என்றது கஞ்சி. "நான் வெறும் சோற்றுத் தண்ணீர். என்னால் ஒரு ஆள் சாவானா?"

இஸ்திரிப் பெட்டி வாய் நிறைய நெருப்போடு வந்தது. சட்டையின் கை நடுவே ஒரு கோடு போட்டது. கத்தி போல நின்றது மடிப்பு.

"இயற்கையில் எங்கேயாவது இப்படி நேர்க்கோடு இருக்கிறதா?" என்று சட்டை கேட்டது.

"இயற்கை ஆய்வு அணிவகுப்புக்கு வருவதில்லை தம்பி. நீ வருகிறாய்" என்றது இஸ்திரிப் பெட்டி. "மடிப்பு கலைந்தால் இந்தப் பையனுக்குத் தண்டனை. அவனைக் காப்பாற்றத்தான் நான் சுடுகிறேன்."

பித்தளை வில்லைக்கு அந்தக் கவலையும் இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததும், "நான் ரொம்பச் சின்னவன். என்னை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்லி, நன்றாக மின்னியது.

சட்டை ஓடுதளத்தைப் பார்த்தது. அங்கே விமானத்தின் வயிற்றில் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, என்ன இது?"

"கேட்காதே தம்பி, கூச்சமாக இருக்கிறது" என்றது விமானம்.

இதையெல்லாம் சட்டை வெறுத்தது என்று எழுதிவிட்டுப் போகலாம். அது முழு உண்மை இல்லை. அறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில் சேர்மத்துரை தன்னைப் பார்த்தபோது சட்டையும் பார்த்தது. நிமிர்ந்த கழுத்துப்பட்டை, கூர்மையான மடிப்பு, சிவப்புக் கயிறு. பிறந்ததிலிருந்து யாரும் அதை ஆசையாகப் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாமல் இருப்பதுதான் அதன் வேலை. இப்போது வழியில் போன எல்லாரும் நின்று பார்த்தார்கள். மேஜரும் பார்த்தார்.

"இதுதான்! கண்ணாடிப் பெட்டிக்கு இதுதான்" என்றார். "சேர்மத்துரை, குழிக்குப் போயிட்டு வந்ததும் இத அப்படியே கழட்டிக் குடுத்துரணும். ஒரு கறை படக் கூடாது."

"சரி சார்" என்றான் அவன். மடிப்பு கலையாமல் எப்படிக் குழிக்குள் குந்துவது என்று அவன் யோசித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும் என்று சட்டை யோசித்தது.

குழிக்குப் போகும் நாள் வந்தது. உச்சி வெயில். சேர்மத்துரை குனிந்தான், கஞ்சி மொடமொடவென்று கத்தியது. திரும்பினான், வில்லை மின்னியது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தொலைநோக்கி மணல் மேட்டில் சாய்ந்து கிடந்தது. பல நாட்களாக அதற்கு மணலைத் தவிர எதுவும் தெரியவில்லை. கண் மருத்துவரிடம் போகலாமா என்றுகூட நினைத்திருந்தது. இன்று வானத்தில் ஒரு சிவப்புப் பட்டை தனியாகப் பறந்து வந்தது.

"அட, பட்டை கட்டிக்கொண்டு வருகிறது! நன்றி, நன்றி" என்றது தொலைநோக்கி.

அது குழிக்குச் சாப்பாட்டு மூட்டை போட வந்த விமானம். எதிரியின் துப்பாக்கிகள் பட்டையைப் பார்த்துச் சுட்டன. விமானத்தின் வால் ஓட்டையானது. தடுமாறி, மூட்டையைக் குழிக்கு வெளியே தவறிப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே அது திரும்பிப் போனது.

மூட்டையில்தான் தண்ணீர் இருந்தது. சேர்மத்துரை எட்டிப் பார்த்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மெதுவாகக் குழியிலிருந்து வெளியே வந்தான்.

தொலைநோக்கி வானத்திலிருந்து கண்ணை இறக்கியது. தேரியின் சரிவில் ஏதோ பளிச்சிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு நேர்க்கோடு. அதற்கு மேலே சிவப்புக் கயிறு.

"இதோ இன்னொரு நன்றி" என்றது. அதன் அருகே ஒரு துப்பாக்கி மெல்ல நகர்ந்தது.

பைக்கு அடியில் அவன் நெஞ்சு அடிப்பது சட்டைக்குக் கேட்டது. கிடைத்த அன்று அடித்த அதே அடி. அவனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டியும் நினைவுக்கு வந்தது. இரண்டும் சேர்ந்துதான் வந்தன.

வழியோரம் ஒரு உடைமரம் நின்றது. "முள்ளண்ணே, என்னைப் பிடித்து இழு" என்றது சட்டை.

"பிடித்தால் கிழிவாய்" என்றது முள். "கிழிந்ததை யாரும் கண்ணாடிக்குள் வைக்க மாட்டார்கள்."

சட்டை ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில் துப்பாக்கி நின்று குறி பார்த்தது.

"கிழி!"

முள் கொக்கிபோல் பிடித்தது. தோளிலிருந்து இடுப்புவரை சட்டை பர்ரென்று கிழிந்தது. சேர்மத்துரை நிலைதடுமாறிச் சரிவில் உருண்டான். அவன் நெஞ்சு இருந்த இடத்தைக் குண்டு கடந்து போனது.

அவன் உருண்டு உருண்டு அடிவாரத்தில் போய்க் கிடந்தான். செம்மணல் சட்டையின் ஒவ்வொரு இழைக்குள்ளும் புகுந்தது. கஞ்சி உடைந்து பொடியானது. மடிப்பு தொலைந்தது.

"நீ இவ்வளவு நாள் எங்கே போனாய்?" என்று சட்டையிடம் மணல் கேட்டது.

பித்தளை வில்லையும் சிவப்புக் கயிறும் மட்டும் முள்ளிலேயே மாட்டிக்கொண்டு ஆடின. "என்னை யாரும் பார்க்கவில்லையே?" என்று வில்லை கேட்டது. எதிரி அன்று பொழுது சாயும்வரை வில்லையைத்தான் சுட்டுக்கொண்டிருந்தான். சரிவுக்குக் கீழே தொலைநோக்கி எவ்வளவு தேடியும் ஆள் தென்படவில்லை.

சுடும் சத்தம் அடங்கியபின் மேய்ச்சலுக்கு ஒரு வெள்ளாடு வந்தது. வேறு நல்ல மேடு கிடைக்காததால் சேர்மத்துரையின் முதுகில் ஏறி நின்றது.

அவன் அசையவில்லை. வலித்தது, கண்ணில் நீர் வந்தது. மணலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே சிரித்தான்.

இருட்டியபின் தவழ்ந்தும் நடந்தும் முகாமுக்குத் திரும்பினான். மேஜர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னய்யா இது கோலம்?"

"சார், உயிரோட வந்துட்டேன் சார்."

"அது தெரியுது. வில்லை எங்க?"

"முள்ளுல மாட்டிக்கிச்சு சார். அதத்தான் சார் எதிரி இவ்வளவு நேரம்..."

"எதிரிக்குத் தெரிஞ்ச வில்லை எனக்குத் தெரியல. அமைச்சர் வரும்போது உன்ன எங்க கொண்டு நிறுத்துறது? இந்தச் சட்டையெல்லாம் இனி துடைக்கத்தான் ஆகும். போ, விமானத்தோட பட்டைய இதவச்சே துடை. முகம் தெரியணும்."

விமானத்தின் வால் ஓட்டைகளை அதற்குள் அடைத்து, அடைத்த இடத்திலும் சிவப்பு அடித்திருந்தார்கள். மறுநாள் காலை சேர்மத்துரை கிழிந்த சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு விமானத்துக்கு அடியில் உட்கார்ந்தான்.

"தம்பி, நீயா?" என்றது விமானம்.

"நான்தான் அண்ணே."

"கண்ணாடிப் பெட்டி?"

"அதில் வேறொரு சட்டையை வைத்துவிட்டார்கள். வாசலிலிருந்தே பளிச்சென்று தெரிகிறதாம்."

விமானம் அடைத்த வாலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "நாளை மறுநாள் குழிக்குத் திரும்பவும் சாப்பாட்டு மூட்டை போட வேண்டும்" என்றது.

குழிக்குத் திரும்பவும் போக வேண்டியவன் சேர்மத்துரைதான். அவன் பட்டையைப் பார்த்தான். மேஜருடைய அலுவலகத்தின் சன்னலைப் பார்த்தான். கந்தலை இன்ஜினுக்குக் கீழே சொட்டியிருந்த எண்ணெயில் தோய்த்தான். கோயில்பிச்சை கொட்டியிருந்த இஸ்திரிப் பெட்டியின் வெளிறிய சாம்பலில் புரட்டினான். பட்டையின் மேல் மெல்லத் தடவினான். தடவிய இடத்தில் பட்டை காணாமல் போனது.

துவைத்த துணிக் கூடையோடு வந்த கோயில்பிச்சை நின்றுவிட்டார்.

"ஏல, துடைக்கச் சொன்னா தடவிக்கிட்டு இருக்க?"

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. சன்னல் வழியா மேஜர் பாத்தா என் கதை முடிஞ்சது."

கோயில்பிச்சை சன்னலைப் பார்த்தார். விமானத்தின் வாலில் அடைத்திருந்த ஓட்டைகளைப் பார்த்தார். சன்னலுக்கும் விமானத்துக்கும் நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, மேஜரின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வரிசையாகக் காயப்போட்டார்.

"நீ நடத்து மக்கா" என்றார்.

மேஜர் அன்று முழுவதும் சன்னலருகேதான் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த முகாமில் அதுவரை செய்த மறைப்புகளிலேயே அந்த வெள்ளை விரிப்புகளுக்குத்தான் ஒருவரும் கஞ்சி போடச் சொல்லவில்லை.