பிரகாசி பேர்ல ஒரு நத்தை

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு சங்கு குளிக்கிற ஆளு. பேரு சந்தியாகு. அவன் பொஞ்சாதி பிரகாசி. பாசி பறிக்கக் கடலுக்குப் போனவ ஒரு நாள் திரும்பவே இல்ல. ஒடம்பும் ஒதுங்கல. ஒடம்பு இல்லாம எதைப் புதைக்கிறது? கல்லறைத் தோட்டத்துல அவளுக்குச் சிலுவை இல்ல, பேரும் இல்ல. அதுதான் சந்தியாகு நெஞ்சை அரிச்சுது. கேக்கியா மெல்பா?

"ம்."

அப்போ கப்பல்ல ஒரு வெள்ளைக்காரர் வந்தாரு. சந்தியாகு கையில கட்டைவெரல் அளவுக்கு ஒரு நத்தை, வாயோரம் செவப்பு. "இதுக்கு எங்க புஸ்தகத்துல பேரே இல்ல. ஒரு கூடை கொண்டா, நான் வைக்கிறேன்"ன்னாரு.

"என் பொஞ்சாதி பேரை வைங்கய்யா. அவளுக்குக் கல்லறை இல்ல."

"சரி."

தொபுக்குன்னு குதிச்சான், அள்ளினான். கொதிதண்ணியில போட்டு, கொளகொளன்னு சதையை எடுத்துக் குடுத்தான். அந்த ஆளு ஊருக்குப் போயி தன் வாத்தியார் பேரை வெச்சுட்டான், படுபாவி.

அப்புறம் ரெண்டாவது ஆளு. முந்தின புஸ்தகத்தை அவர் பாக்கவே இல்ல. "ஒரு வள்ளம் நிறையக் கொண்டா"ன்னாரு. இவன் அதையே கேட்டான், அவரும் தலையாட்டினாரு. தொபுக், தொபுக்னு நாள் பூரா முங்கி, குஞ்சைக்கூட விடாம வழிச்சான். அவர் வெச்சது தன் அதிகாரி பேரு.

அப்புறம் மூணாவதா நம்ம பக்கத்து ஆளு, கல்லு ஆராயிறவர். ஊர்ல கிணறு வெட்டினாங்க. டங்கு டங்குன்னு கடப்பாறை எறங்கின பாறைக்குள்ள நத்தை, கல்லாவே ஆயிருந்துச்சு. "மனுசன் பொறக்கும் முன்ன செத்தது இது. புது இனம்"னு, நெசமாவே பிரகாசி பேரை அச்சுல ஏத்திட்டாரு. சந்தியாகுவுக்கு எழுத்து தெரியாது. தாளைத் தடவித் தடவி அழுதான். தூங்கிட்டியா?

"ம்ஹும்."

ரெண்டு வருசம் கழிச்சு அவரே திரும்பி வந்தாரு. மொகத்துல ஈயாடல. "சந்தியாகு, மூணும் ஒரே நத்தைதான்னு சொல்றாங்க. மொதல்ல வெச்ச பேருதான் நிக்குமாம், மத்ததை அடிச்சிருவாங்க. கடல் நத்தை ஒண்ணு குடு, கல்லோட வெச்சுப் பாக்கேன். ஓட்டுல ஒரு வரி வித்தியாசம் இருந்தாலும் உன் பொஞ்சாதி பேரு நிக்கும்."

"ஒண்ணுதானே!"ன்னு ஓடினான். மொத தடவை முங்கினான். மணலு. ரெண்டாவது முங்கினான். மணலு. மூணாவது தடவை, காதுல ரத்தம் வர்ற வரைக்கும் அடியில கெடந்து துழாவி, மூடின கையோட மேல வந்தான். தொறந்தா, மணலு.

"கூடையிலயும் வள்ளத்துலயும் நான்தானே எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தேன்"னு தலையில அடிச்சுக்கிட்டான். அப்புறம் அவ பேரை அடிச்சிட்டாங்க.

"இப்ப அந்த நத்தை எங்க இருக்கு, அத்தை?"

நம்ம கிணத்துக்குள்ள, பாறையில. கல்லறைத் திருநாளைக்கு ஊரே தோட்டத்துக்கு மெழுகுதிரி கொண்டு போகும். உங்க தாத்தா மட்டும் கயித்துல கட்டி, கிணத்துக்குள்ள எறக்குவாரு.

கதை கரையேறிருச்சு மெல்பா. எங்கம்மாதான் ஏறல. கண்ணை மூடு.