ஆறு சக்கரங்களின் சங்கம்

ஓர் ஊரில் ஒரு விமானம் இருந்தது. அதற்கு ஆறு சக்கரங்கள். மூக்குக்கு அடியில் சின்னதாக இரண்டு, பின்னால் தடிதடியாக நாலு. எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன.

சங்கத் தலைவர் பெயர் முழுமதியார். கொட்டகைத் தூணில் சாய்ந்து கிடக்கும் மாற்றுச் சக்கரம் அவர். ஓடுதளத்தை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. மற்றவர்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் கூட்டம் போட அவருக்குத்தான் நேரம் இருந்தது. அதனால் அவரே தலைவர்.

பின்சக்கரங்களில் ஒருவன் மொட்டையன். இறங்கி இறங்கி மேலிருந்த வரியெல்லாம் தேய்ந்து, வழவழவென்று ஆனதும் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மழைக்காலம் வேறு வந்துவிட்டது. ஈரத்தரையில் இறங்கினால் வழுக்கும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

ஒரு நாள் கூட்டத்தில் வாயைத் திறந்து கேட்டேவிட்டான்.

"தலைவரே, என்னைக் கழட்டச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்க."

"பேசலாம் தம்பி, பேசலாம். முதல்ல சங்கக் கொடி நீலமா பச்சையான்னு முடிவாகட்டும்."

"போன கூட்டத்துலயும் கொடிதானே பேசினோம்?"

"போன தடவை பேசினது கொடிக்கம்பம். கூட்டத்துக்கு வந்தா கவனிக்கணும்!"

அதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. மேலே ஏறியதும் சக்கரங்கள் எல்லாம் வயிற்றுக்குள் மடங்கிக்கொண்டன. நல்ல குளிர். வேலை எதுவும் இல்லை. குரல் கொடுத்தால் ஒருவருக்கொருவர் கேட்கும்.

"முந்தாநாள் நான் தனியா காத்தை இறக்கிப் பார்த்தேன்டா," என்றான் மொட்டையன். "மெக்கானிக் வந்தார், காத்தடிச்சார், முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டார்."

பக்கத்தில் இருந்த இன்னொரு பின்சக்கரம் தடியன். அவன் கேட்டான். "ஏன்டா, உன்னைக் கழட்டினா அந்த இடத்துல யாரை மாட்டுவாங்க?"

"வேற யாரை? தூணுல சாஞ்சிருக்கிற..."

சொல்லி முடிக்கவில்லை, வயிற்றுக்குள் ஒரே சிரிப்பு. விமானமே குலுங்கியது.

"அதான் கொடி இன்னும் முடிவாகல!" என்றான் தடியன். "சரி, நாளைக்கு ஆறு பேரும் சேர்ந்து காத்தை இறக்கிட்டு உட்காருவோம்."

முன்னாலிருந்து மூக்கன் குரல் கொடுத்தான். "எங்க வரியெல்லாம் புதுசா இருக்குப்பா. நாங்க எதுக்கு உட்காரணும்?"

"நான் வெடிச்சா விமானமே சாயும்," என்றான் மொட்டையன். "அப்ப நீ மட்டும் நிமிர்ந்து நிப்பியாக்கும்?"

மூக்கன் யோசித்தான். "சரி, உட்கார்ந்து தொலைக்கிறேன்."

மறுநாள் காலை மெக்கானிக் சவரிமுத்து வந்து பார்த்தால், ஆறு சக்கரமும் சப்பையாகிக் கிடந்தன.

"கேப்டன் சார், இங்க வந்து பாருங்க! ஆறும் ஒண்ணா உட்கார்ந்திருச்சு!"

விமானி நல்லசிவன் குனிந்து பார்த்துச் சிரித்தார். "ராத்திரி பூரா ஓட்டுறோம், ஓய்வு வாங்கிக் குடுங்கன்னா, எங்க சங்கம் தொப்பிக்குப் புதுப் பட்டை வாங்கிக் குடுக்குது. இதுங்களுக்கு இருக்கிற ஒத்துமை எங்களுக்கு இல்லையேய்யா!"

ஆறும் ஒன்றாக இறங்கினால் சும்மா காற்றடித்துவிட்டுப் போக முடியுமா? சவரிமுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மொட்டையன் மேல் வைத்த கை வழுக்கிக்கொண்டு போனது.

"அடேயப்பா, இதை வச்சா நேத்து இறங்கினீங்க?" என்றவர், தூண் பக்கம் திரும்பினார்.

முழுமதியார் தூணுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அந்த உடம்பை எங்கே ஒளிப்பது?

அன்று சாயங்காலம் நல்ல மழை. தூணில் சாய்ந்திருந்த மொட்டையன், விமானம் இறங்குவதை எட்டிப் பார்த்தான். சும்மா தொங்கிய சக்கரங்கள் தரையைத் தொட்ட நொடியில் தலைதெறிக்கச் சுழன்றன. புகை கிளம்பியது. அதற்கு மேலே ஒரு அலறல் கேட்டது.

"ஐயோ, எரியுதே! வழுக்குதே! கேட்க நாதியில்லையா? சங்கம் எங்கய்யா? கூப்பிடுங்க தலைவரை!"

"நீங்கதான் தலைவரே!" என்று ஓடிக்கொண்டே கத்தின மற்ற ஐந்தும்.

விமானம் மெல்ல உருண்டு கொட்டகைக்கு வந்து நின்றது. முழுமதியார் மேலெல்லாம் சேறு, கரி. அவருக்கு மூச்சு வாங்கி முடியட்டும் என்று மொட்டையன் காத்திருந்தான்.

"தலைவரே, கொடி நீலமா, பச்சையா?"

"கொடி கிடக்குது போடா! மழையில இறங்குறதுக்கு என்ன வழி, முதல்ல அதைப் பேசுங்கடா!"