மூன்று வயதுச் சிப்பி

ஆழிக்குடி என்றொரு கடற்கரைப் பட்டினம். அதன் செல்வமெல்லாம் கரைக்கு எதிரே கடலடியில் கிடந்த ஒரு பாறைத் திட்டுதான். முத்துச் சிப்பி ஒட்டி வளரும் அந்தத் திட்டைப் 'பார்' என்பார்கள். சிப்பிக்கு ஐந்து வயது நிரம்பினால்தான் முத்து தேறும்; அதற்குள் அது தன் இனத்தையும் பெருக்கியிருக்கும். அதுவரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

அந்தப் பாருக்குக் காவல் எது தெரியுமா? காரியின் வாய்! சிரிக்காதீர்கள், கேளுங்கள். ஊரிலேயே தேர்ந்த முத்துக்குளிப்பவன் காரி. ஆண்டுக்கொரு முறை மூழ்கி ஒரு கூடை சிப்பி எடுத்து வந்து, மணலில் கொட்டிப் பிளந்து பார்ப்பான். பிறகு சபையில் ஊர்த்தலைவர் மூன்று முறை, "பாரைத் திறக்கலாமா?" என்று கேட்பார். ஒரு முறை காரி "மூடுங்கள்" என்றால் மூடியதுதான். தலைவராலும் மீற முடியாது. மூன்று முறையும் அவன் பேசாதிருந்தால் திறக்கலாம் என்று பொருள்.

குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவன் மைத்துனனாகத்தான் இருப்பான். தங்கையின் தாலி கையில் இருக்கும்போது எந்த அண்ணன் கண்ணயர்வான்? காரிக்குக் கயிறு பிடித்தவன், அவன் மனைவி நங்கையின் அண்ணன் செந்தன். ஆழத்தில் மூழ்கிப் பழக்கமில்லாதவன். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அவன் பிடி தளர்ந்ததில்லை.

அந்த ஆண்டு சிப்பிக்கு வயது மூன்று. மழையும் இல்லை, மீனும் இல்லை; பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. இப்படிப்பட்ட காலத்துக்கென்றே ஊர்க் களஞ்சியத்தில் நெல் உண்டு. சாவி தலைவர் மல்லனிடம். மல்லனோ குடத்தில் ஓலை போட்டு எடுத்த ஓராண்டுத் தலைவர். அந்த ஓராண்டுக்குள் துறையில் தம் பெயரில் ஒரு கல் மண்டபம் எழுந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே வெறி. நெல்லைக் கல்தச்சர் கூலிக்கு என்று ஒதுக்கிப் பூட்டி வைத்திருந்தார். சமயம் பார்த்து ஐயாறன் என்ற வணிகன் கப்பலோடு வந்து நின்றான்.

"பொடி முத்தா இருந்தாலும் எடுத்துக்கிறேன். மருந்துக்கு இடிக்கிறவங்க வாங்குவாங்க. ஆனா காத்து மாறுறதுக்குள்ள நான் கிளம்பணும்" என்றான்.

மல்லன் காரியைத் தனியே அழைத்தார். "பொய் சொல்லச் சொல்லலப்பா. சும்மா இரு, அது போதும். களஞ்சியத்தைத் தொடாமலே ஊர்ப் பசி தீர்ந்துடும்."

"இப்ப அள்ளினா அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாதுங்க ஐயா."

"அடுத்த வருசத்தப் பத்தி அடுத்த தலைவன் கவலைப்படட்டும்!"

காரி மசியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் வாசலில் செந்தன் நிற்கிறான். கண்கள் குழி விழுந்திருந்தன.

"மச்சான், பிள்ளைங்க ரெண்டும் நேத்துலேருந்து பட்டினி. பன்னெண்டு வருசமா உன் உயிரை என் கையில பிடிச்சிருக்கேன். ஒரே ஒரு தடவை எனக்காக வாயை மூடிக்க."

சபையில் மல்லன் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை 'மூடுங்கள்' என்ற சொல் காரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே செந்தனின் பிள்ளைகள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பார் திறந்தது. இருபது நாள் சிப்பியை அள்ளி விற்றார்கள்; ஊரே திருவிழா. மண்டபமும் எழுந்தது, ஐயாறனின் கப்பலும் நிறைந்து போனது. மறு ஆண்டு காரி மூழ்கிப் பார்த்தான். வெறும் பாறை. ஒரு குஞ்சுச் சிப்பிகூட ஒட்டியிருக்கவில்லை. படகில் ஏறி உட்கார்ந்து அழுதான்.

வேறு வழியின்றி ஆழக்கடல் திட்டுக்குப் போனார்கள். அந்த ஆழத்தில் முதல் வாரமே காரியின் காது உடைந்து ரத்தம் வந்தது. "நீ கயிறைப் பிடி மச்சான், நான் இறங்குறேன்" என்றான் செந்தன். காரி எவ்வளவோ தடுத்தான், கேட்கவில்லை. கயிறு ஒரு முறை துடித்தது. காரி உயிரைக் கொடுத்து இழுத்தான். வந்தது உடல்தான்.

கடலில் ஒருவன் செத்தால், அந்தச் சாவுக்குக் காரணமானவன் அவன் பிள்ளைகளைச் சோறு போட்டு ஆளாக்க வேண்டும் என்பது ஆழிக்குடி வழக்கம். செந்தனின் மனைவி சாத்தி, பிள்ளைகளோடு சபைக்கு வந்து மூவரைக் கை காட்டினாள். அந்தப் பருவத்துக்கும் முத்துத் தேடி வந்திருந்த ஐயாறன், "வித்தாங்க, வாங்கினேன்" என்றான். மல்லன், "காரி மூடச் சொல்லல, அதனால திறந்தேன். முறைப்படிதானே செஞ்சேன்?" என்றார். காரி மட்டும், "நான்தான்" என்றான்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் செந்தனின் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர் யார்?

விடை: ஐயாறன் பேராசைக்காரன்தான், ஆனால் பாரைக் காக்கும் பொறுப்பு அவனுடையதல்ல. காரி தவறினான், ஆனால் பிள்ளைகளின் பசியா, பாரா என்று இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவறினான். மல்லனுக்கு அந்த இக்கட்டே இல்லை. களஞ்சியத்தைத் திறந்திருந்தால் பிள்ளைகளின் பசியும் தீர்ந்திருக்கும், பாரும் பிழைத்திருக்கும். ஆகவே மல்லனே. சபையும் அப்படித்தான் தீர்த்தது. காரிக்கு அதில் ஆறுதல் இல்லை. "பாரை மூடுங்க, களஞ்சியத்தைத் திறங்கன்னு அன்னைக்கே சபையில கேட்டிருக்கலாமே, பாவி எனக்கு ஏன் தோணல?" என்று மார்பில் அடித்துக்கொண்டான். நங்கை அண்ணனுக்காக நாளெல்லாம் அழுதாள். கணவனுக்கு வேளை தவறாமல் கஞ்சி வைத்தாள். அவன் முகத்தை மட்டும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.