ரம்புட்டானுக்குத் தாய்மாமன்

சுக்கான்பட்டியில் கொம்பையா, தவசி, வேலாண்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. "கதவைக் கொஞ்சம் பார்த்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியூர் போன பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, மூவரும் முறை வைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவரில் ஓட்டை போட்டு யாரோ வீட்டைத் துடைத்து எடுத்துப் போயிருந்தார்கள். கதவில் மட்டும் ஒரு கீறல் கிடையாது.

மூத்தவன் கொம்பையாவுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண், பெயர் வடிவு. அவளும் அவள் அண்ணன் சுடலையும் பழக்கடை நடத்தினார்கள். எந்தெந்த நாட்டிலோ விளைகிற பழமெல்லாம் அங்கே கிடைக்கும். பெண் பார்க்கப் போய் வந்த நாளிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. இது கை நழுவினால் ஆயுசுக்கும் தம்பிகள் வைக்கிற குழம்புதான் என்று நினைத்தாலே அவனுக்குக் கண் கலங்கியது.

வடிவு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "தெரியாத பண்டத்த வாயில வைக்கப் பயப்படுற ஆளோட எங்க தொழில்ல குடும்பம் நடத்த முடியாது. மூணு தினுசு தாரேன். தின்னு பாத்துட்டு, எப்பிடி இருந்துச்சுன்னு ஞாயித்துக்கிழம சொல்லணும். அதுக்கப்புறம் மத்த பேச்சு" என்று ஒரு கூடையைக் கொடுத்தாள். எப்படித் தின்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். பாவம், யாருக்கு எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

முதல் சீட்டில், 'வெண்ணெய்ப் பழம். நன்றாக இளகிய பின் சாப்பிடவும்' என்று இருந்தது.

பழத்தை அழுத்திப் பார்த்தார்கள். கல் மாதிரி இருந்தது.

"வெண்ணெய் தானா இளகுமாண்ணே? அடுப்புலதான் வைக்கணும்" என்றான் வேலாண்டி.

"வெறுமனே வச்சா வாசம் வராது. முருங்கக்கீர போடணும்" என்றான் தவசி.

கீரையைப் போட்டு உருக்கினார்கள். மத்தியானம் வரை கிளறியும் ஒரு சொட்டு நெய் இறங்கவில்லை. வீட்டில் புகைதான் நிறைந்தது. சட்டி அடியில் கரியோடு கரியாக உருண்டையாக ஒரு கொட்டை கிடந்தது. கொம்பையா அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"கல்லு தின்ன மாட்டுப் பாலுலே இது. பொண்ணு வீட்டுல யாரோ ஏமாத்தி வித்துருக்காக. இத நாம வெளிய சொல்லக் கூடாது. அவுகளுக்கு அசிங்கம்."

இரண்டாவது சீட்டு: 'டிராகன் பழம். உள்ளே இருப்பதைக் கரண்டியால் தோண்டி எடுத்து, தோலைத் தூரப் போட்டுவிட்டுச் சாப்பிடவும்.'

தோண்டி எடுத்துத் தட்டில் வைத்தார்கள். கொம்பையாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் தோலைத் தூரப் போட்ட பிறகுதானே சாப்பிட வேண்டும். எது தூரம் என்று ஒருவனை மட்டும் நம்பி விட முடியாது என்பதால் மூவருமே பஸ் ஏறினார்கள்.

எட்டயபுரத்தில் இறங்கி ஒருவரிடம் கேட்டார்கள். "சுக்கான்பட்டில இருந்தா வாரீக? இந்தா இருக்கு, பக்கம்தான" என்றார் அவர். மறுபடியும் பஸ் ஏறினார்கள். தூத்துக்குடியில் ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள்.

"சுக்கான்பட்டியா? அடேயப்பா, அது ரொம்பத் தூரமாச்சே" என்றார் அவர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவசிக்கு ஆத்திரம் வந்தது. "தூரமான இடத்துல குடியிருந்துக்கிட்டு, இது தெரியாம இம்புட்டுத் தொலவு வந்திருக்கமே அண்ணே."

தோலைப் பத்திரமாகத் துண்டில் முடிந்து எடுத்து வந்து சுக்கான்பட்டியில் தங்கள் வீட்டு வாசலிலேயே போட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வெள்ளாடு தட்டை நக்கிக்கொண்டிருந்தது. எப்படி இருந்தது என்று கொம்பையா அதனிடம் இரண்டு தரம் கேட்டும் பார்த்தான்.

மிச்சம் இருந்தது மூன்றாவது தினுசு. உடம்பெல்லாம் முடி முளைத்து, சிவப்பாக, உருண்டையாகப் பதினோரு காய். 'ரம்புட்டான். முடியை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைச் சாப்பிடவும்' என்றது சீட்டு.

வேலாண்டி கத்தரிக்கோலைத் தூக்கிவிட்டான். கொம்பையா அவன் கையைப் பிடித்தான்.

"ஏலே, இதுகளுக்கு இது மொத முடியா, ரெண்டாவதா?"

"பாத்தா பொறந்ததுல இருந்து வெட்டுனாப்புல தெரியலண்ணே."

"மொத முடிய வீட்டுல எடுக்கலாமா? அய்யனார் கோயில்லதான எடுக்கணும்."

"எடுக்கலாம். தாய்மாமன் மடி வேணுமே" என்றான் தவசி.

பெரிய யோசனையாகிவிட்டது. தவசிதான் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "இதுக எங்கிருந்து வந்துச்சு? வடிவு மதினி வீட்டுல இருந்து. அப்ப மதினிதான் ஆத்தா. ஆத்தாவுக்குக் கூடப்பிறந்தவுக யாரு? சுடல மச்சான். அவுகதான் தாய்மாமன்."

"அப்ப அப்பன் யாரு?" என்று கேட்டான் வேலாண்டி.

இரண்டு தம்பிகளும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். கொம்பையா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கே சுடலைக்குக் கடிதம் போனது. 'வடிவு எனக்குக் கொடுத்த பதினோரு பேருக்கும் ஞாயிறு காலை எங்கள் அய்யனார் கோயிலில் முடி இறக்குகிறோம். தாய்மாமனாகிய தாங்கள் வந்து மடியில் வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு, தகப்பன் கொம்பையா.'

சுடலை கடிதத்தை ஒரு தரம் படித்தான். பிறகு பதினோரு பேர் என்ற இடத்தை மட்டும் நாலு தரம் படித்தான். கடைக்கு நடுவில் நின்றுகொண்டு, "கல்யாணமே ஆகல, பதினொண்ணா?" என்று தங்கையைக் கேட்டான். வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணன் கம்பைத் தேடுவதைப் பார்த்ததும் அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பரமன் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுக்கான்பட்டிக்கே முடி வெட்டுகிறவர் அவர். சுடலை வந்த வேகத்தில் கொம்பையாவின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கய்யா அந்தப் பதினொண்ணு? கொண்டாரும். இண்ணைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் போவேன்."

"ரெண்டுல ஒண்ணு என்ன மச்சான், பதினொண்ணையும் பாருங்க" என்றான் கொம்பையா. வேலாண்டி பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தான். பதினோரு ரம்புட்டானும் குளித்துத் திருநீறு பூசி வரிசையாக இருந்தன.

சுடலை கம்பைக் கீழே போட்டான். எங்கே கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வடிவு கொம்பையாவின் பக்கம் திரும்பினாள்.

"மூணுல ஒண்ணாவது தின்னு பாத்தீகளா?"

எல்லாம் முடிந்துபோயிற்று என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. "இல்லங்க. மொதலுது இளகல. ரெண்டாவதுக்குத் தோலத் தூரப் போட்டுட்டு வாரதுக்குள்ள ஆடு தின்னுட்டு. இதுகளுக்கு இன்னும் முடி எடுக்கல. நீங்க எழுதுனதுல ஒரு எழுத்தக்கூட நான் மீறல."

அவன் கண்ணில் நீர் முட்டியது. வடிவு அவனையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்குக் கன்னம் வலித்தது.

"அண்ணே, நான் இவுகளையே கட்டிக்கிடுதேன்."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?"

"பொண்டாட்டி எழுதிக் குடுத்தத எழுத்து மாறாமச் செய்யுத மாப்பிள்ள வேற எந்த ஊர்ல இருக்கான், சொல்லு."

சுடலை யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து எந்த ஊரிலும் இல்லை, தன் வீட்டிலும் இல்லை. சரி, தலைவிதி என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பரமன் அவன் மடியில் ஒவ்வொன்றாக வைத்து ஒரு கீறல் விழாமல் மழித்து, சந்தனம் பூசினார். ஐந்தாவது மொட்டையில் சுடலை, "ஏய்யா, மெதுவா, கழுத்தப் பிடிச்சுக்கிடும்" என்று சொல்ல ஆரம்பித்தான். பதினோராவது முடிந்தபோது துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இனிமே தின்னலாம்லா?" என்றாள் வடிவு.

"காது குத்தாமலா?" என்றான் கொம்பையா.

தட்டார் ஆசாரியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அவர் ஊசியை எடுத்துக்கொண்டு மூத்ததை இப்படியும் அப்படியும் உருட்டினார். "காது எங்கிட்டு இருக்குன்னு யாராச்சும் சொன்னாத் தேவல" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வடிவுதான் முகத்தில் சிரிப்பே இல்லாமல் குனிந்து பார்த்து, "இந்தா, காம்புக்குக் கீழ, வலப்பக்கம்" என்று விரல் வைத்துக் காட்டினாள்.

ஆசாரி குத்தினார். உள்ளே இருந்து சாறு பொலபொலவென்று சுடலையின் மடியில் வழிந்தது.

"பிள்ள அழுவுதுல்லா, பாத்துக்கிட்டே நிக்கீக" என்று சுடலை எல்லார் மேலும் எரிந்து விழுந்தான். "யாராச்சும் ஓடிப்போய் ஒரு கிலுகிலுப்ப வாங்கிட்டு வாங்க."