சிவப்புப் பறவைப் போர்வை

“தாயே, நான் இன்னும் காத்திருக்கவா, இல்லை அழுதுவிடவா?” என்று குரு வாய்ராவிடம் கேட்டார் மாய்தா.

அவர் உப்பு வியாபாரி. லாமா என்னும் ஒட்டக இன விலங்குகளின் முதுகில் உப்பேற்றி, மலையேறி, தென் அமெரிக்காவின் பொதோசி நகரச் சந்தைக்குக் கொண்டுவருவார். அவருடைய மகன் குசியை ஸ்பானியர்கள் வெள்ளிச் சுரங்க வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தவணை முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். குசி திரும்பவில்லை.

வாய்ரா மாய்தாவைவிட வயதில் சிறிய பெண்; ஆனாலும் குரு என்பதால் அவரைத் தாயே என்றுதான் அழைப்பார்.

“சந்தைக்கு நானும் வருகிறேன்” என்றார்.

சந்தையில் கம்பளி, மெல்லுவதற்கான கோக்கா இலை, காயவைத்த கிழங்கு எல்லாம் கைமாறிக்கொண்டிருந்தன. மாய்தா உப்பு மூட்டையைப் பிரிக்கவே இல்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மகனைப் பற்றிக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

மக்காச்சோளக் கஞ்சி விற்கும் பெண்ணின் அருகில் வந்ததும் நின்றுவிட்டார்.

அவள் மடியில் குழந்தை. குழந்தையைச் சுற்றி ஒரு போர்வை. ஓரத்தில் சிவப்புப் பறவைகள். சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் கடைசிப் பறவைக்கு மட்டும் கறுப்புத் தலை.

“இது என் மனைவி நெய்தது!”

போர்வையைப் பிடித்து இழுத்தார். குழந்தை வீரிட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

“உங்கள் பிள்ளையா, ஐயா?” என்றாள் அவள். “இருமிக்கொண்டே வந்தார். பசி என்றார். கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டு இதைக் கழற்றி வைத்தார். வேண்டாம் என்றேன். சுரங்கத்துக்குள்ளே ஒரே வெக்கை, எனக்கு எதற்கு, குழந்தைக்குப் போர்த்து என்றார்.”

“பிறகு?”

அவள் தலை குனிந்தாள்.

“மறுநாள் உள்ளே மண் சரிந்துவிட்டது, ஐயா. யாரையும் வெளியே எடுக்கவில்லை.”

மாய்தா தரையில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றிச் சந்தை நடந்துகொண்டே இருந்தது.

வாய்ரா ஒரு கிண்ணம் கஞ்சி வாங்கி அவர் கையில் வைத்தார்.

“குடியுங்கள்.”

“எப்படி இறங்கும், தாயே?”

“குடியுங்கள்.”

குடித்தார். சூடாக இருந்தது. காரமாக இருந்தது. கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. அதையும் சேர்த்துக் குடித்தார்.

குழந்தை மறுபடி தூங்கிவிட்டது. மாய்தா போர்வையின் ஓரத்தை இழுத்து அதன் காலை மூடினார்.

“அவன் அம்மாவிடம் போய் நான் என்ன சொல்வேன்?”

வாய்ரா காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

“பிள்ளை சாப்பிட்டான் என்று சொல்லுங்கள்.”