மரகதத்தின் திறந்த திரை

ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டருக்கெல்லாம் பெரிய அதிகாரி ஏகாம்பரம். கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் நம்ம கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரோகிராமுக்கு ஷெல் என்று பேர். ஒருநாள் அவர் எல்லோருக்கும் புது ஷெல்லை மாற்றிவிட்டார். அந்தப் புதுசை மெஷினில் ஏற்ற மட்டும் மறந்துபோனார். அதனால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

பிரசவ அறையில் ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்குப் பொருத்தம் பார்த்து வைத்த ரத்தப் பை எது என்று கம்ப்யூட்டரில்தான் இருந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டர் அறைக்கு ஓடி வந்தார்.

ஏகாம்பரம் காண்ட்ராக்ட் ஆபரேட்டர் மரகதத்தைக் காட்டினார். "இவ திரை மட்டும் திறந்திருக்கு பாருங்க. இவதான் ஷெல்லை மாத்தியிருக்கா. நாளையிலேருந்து வேலைக்கு வராதடி!"

"நான் காலையிலேயே நுழைஞ்சவ சார். புதுசா நுழையறவங்களுக்குத்தான் ஷெல் மாறும்." பேசிக்கொண்டே மரகதம் தேடி எடுத்துவிட்டாள். "மூணாவது தட்டு, நாப்பத்தேழாம் பை!"

நர்ஸ் பையோடு ஓடினாள்; டாக்டரம்மாவும் பிரசவ அறைக்கு விரைந்தார். தாய் பிழைத்த சேதியோடு டாக்டரம்மா திரும்பி வந்தபிறகும் ஏகாம்பரம் விடவில்லை. "இவளை அனுப்பிடுங்க டாக்டர்!"

மரகதம் தலை குனிந்தபடியே கேட்டாள். "எல்லாருக்கும் மாத்த பெரிய பாஸ்வேர்டு வேணுமே. எனக்குக் கொடுத்திருக்கீங்களா சார்?"

"உனக்கா? என் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல! என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது!"

டாக்டரம்மா ரத்தக் கையுறையைக் கழற்றினார்.

"அப்ப இது வேற யாரு செஞ்சது, ஏகாம்பரம்?"